அம்மோனைட்டை வைத்துக் கடல் சுண்ணாம்புப் பாறையின் வயதைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு அம்மோனைட் கிடைத்தால் பாறையின் வயதைச் சொல்லிவிட முடியுமா?

முடியும். ஆனால் சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அற்றுப்போன இந்தக் கடலுயிரின் புதைபடிவம் தரும் வயது ஆண்டுக் கணக்காக வராது, வரிசையில் ஓர் இடமாகத்தான் வரும். "இந்த அடுக்கு டோர்சியன் கட்டத்தில் பைஃப்ரான்ஸ் மண்டலத்தைச் சேர்ந்தது" என்பதுதான் அம்மோனைட் நேரடியாகத் தரும் விடை. டோர்சியன் என்பது ஜுராசிக் காலத்தின் ஒரு பிரிவு. மண்டலம் என்பது குறிப்பிட்ட இனங்கள் சேர்ந்து வரும் அடுக்குத் தொகுதி. "ஏறக்குறைய 18 கோடி ஆண்டு" என்ற எண்ணை வேறோர் இடத்தில், வேறொரு முறையில் அளந்து அந்த மண்டலத்தின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கேள்விகள் எழுகின்றன.

அந்த வரிசை இடமும் சும்மா கிடைத்துவிடாது. எந்தப் பாறை அடுக்கிலிருந்து, எந்த உயரத்திலிருந்து எடுத்தது என்று தெரிந்த அம்மோனைட்டுக்குத்தான் கால மதிப்பு உண்டு. அடுக்கு தெரியாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் உதவும்.

இத்தனை கடலுயிர்கள் இருக்க, ஏன் அம்மோனைட்?

இனங்கள் வேகமாக மாறின, பரவலாக வாழ்ந்தன, ஏராளமாகப் புதைந்தன, கண்ணால் பார்த்தே பிரித்தறியலாம். சிப்பிகளிலும், சிப்பி போலவே இரட்டை ஓடுள்ள பிராக்கியோபாடுகளிலும் ஒரே வடிவம் பல கோடி ஆண்டு மாறாமல் நீடிப்பதுண்டு. அம்மோனைட் இனம் ஒன்று பெரும்பாலும் சில லட்சம் ஆண்டுகளில் வந்து போய்விடும். ஜுராசிக் காலம் சுமார் 5.7 கோடி ஆண்டு நீண்டது. வடமேற்கு ஐரோப்பாவில் அதை 70க்கும் மேற்பட்ட அம்மோனைட் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு மண்டலத்துக்கு 8 லட்சம் ஆண்டு. 18 கோடி ஆண்டுக்கு முந்தைய விஷயத்தில் இது வியக்கத்தக்க நுணுக்கம்.

புதைபடிவ வரிசையை வைத்துப் பாறை அடுக்குகளை இனங்காணலாம் என்பதை இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் நடைமுறையில் காட்டினார். அவருடைய நிலவியல் வரைபடம் 1815இல் வெளியானது. மண்டலம் என்ற கருத்தைக் கறாராக்கியவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் ஓப்பெல். 1856 முதல் 1858 வரை அவர் வெளியிட்ட ஜுராசிக் ஆய்வில், பாறை எந்த வகை என்பதை ஒதுக்கிவிட்டு, எந்த உயிரினங்கள் சேர்ந்து வருகின்றன என்பதை மட்டும் வைத்து அடுக்குகளைப் பிரித்தார். இன்றும் அடிப்படை அதுதான்.

எந்தக் காலப் பாறைகளுக்கு இது பயன்படும்?

அம்மோனாய்டு என்ற பெரிய கூட்டம், ஜுராசிக்கைவிட மிகப் பழைய டெவோனியன் காலத்தில் தோன்றி, 6.6 கோடி ஆண்டுக்கு முன் கிரெட்டேசியஸ் முடிவில் அற்றுப்போனது. கண்டிப்பான பொருளில் அம்மோனைட் என்பவை ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலத்தவை. அதற்கு முந்தைய உறவினர்கள் கோனியடைட், செரடைட் வகைகள்.

களத்தில் இவற்றைப் பிரிக்கத் தையல்கோடு போதும். ஓட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர், ஓட்டின் உட்புறத்தைத் தொடும் கோடுதான் தையல்கோடு. அது வளைந்தும் மடிந்தும் ஆனால் வழுவழுப்பாக ஓடினால் கோனியடைட் வகை, பெரும்பாலும் டெவோனியன் முதல் பெர்மியன் வரை. பின்னோக்கிய வளைவுகளில் மட்டும் சிறு பற்கள் இருந்து, முன்னோக்கிய வளைவுகள் வழுவழுப்பாக இருந்தால் செரடைட் வகை, பெரும்பாலும் ஜுராசிக்குக்கு நேர் முந்தைய டிரையாசிக். இரண்டு பக்க வளைவுகளும் இலை நரம்பு போல் கிளைத்திருந்தால் அம்மோனைட் வகை. கிரெட்டேசியஸில் செரடைட் போன்ற தையல்கோடு மீண்டும் தோன்றிய சில கிளைகள் உண்டு. ஆகவே தையல்கோடு முதல் வடிகட்டி மட்டுமே, தீர்ப்பு அல்ல.

என் மாதிரியில் தையல்கோடே தெரியவில்லையே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஓடு இன்னும் மேலே ஒட்டியிருக்கலாம். தையல்கோடு ஓட்டின் உட்புறத்தில் இருப்பதால், ஓடு கரைந்தோ உரிந்தோ போன உள்வார்ப்பில்தான் (ஓட்டுக்குள் நிரம்பிக் கல்லான அச்சில்) தெரியும். அல்லது உங்கள் கையில் இருப்பது உயிரி வசித்த கடைசி அறையின் துண்டாக இருக்கலாம். அங்கே தடுப்புச் சுவரே கிடையாது. அல்லது பாறை அழுத்தத்தில் நசுங்கி, கோடு அழிந்திருக்கலாம்.

முதல் வகையானால் நுண்மையான உப்புத்தாளால் ஓரிடத்தை மெல்லத் தேய்த்து, தண்ணீர் தடவி, 10 மடங்கு கைலென்ஸால் பாருங்கள். ஆழமாகத் தேய்த்தால் கிளைகள் மழுங்கி, அம்மோனைட் கோடு செரடைட் கோடு போலத் தோன்றும். புதிதாக வருகிறவர்கள் இன்னொன்றிலும் தடுமாறுவார்கள்: மேலே புடைத்துக்கொண்டிருக்கும் விலா வரிகளைத் தையல்கோடு என்று எண்ணிவிடுவார்கள். விலா வரி புடைப்பு, கையால் தடவினால் தட்டுப்படும். தையல்கோடு தட்டுப்படாது.

களத்தில் எப்படி எடுக்க வேண்டும்?

அம்மோனைட்டைத் தேடத் தொடங்கும் முன் பாறை முகத்தை அளந்து பதிய வேண்டும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுத்து, தடிமனைச் செ.மீ. கணக்கில் எழுதுங்கள். சுண்ணாம்புக்கல், களிச்சுண்ணாம்பு, களிப்பாறை என்று வகை, நிறம், மேல்பரப்பு தட்டையா அரிக்கப்பட்டதா என்பதெல்லாம் வேண்டும். அதன் பிறகுதான் சுத்தியல். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், கிடைத்த மாதிரிகளுக்குப் பிற்பாடு "அநேகமாக இந்த அடுக்கு" என்று இடம் ஒதுக்க வேண்டிவரும். அந்த "அநேகமாக" கடைசி அறிக்கை வரை துரத்தும்.

பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம், 1 முதல் 1.5 கிலோ எடையுள்ள கனச் சுத்தியல், தட்டை உளி ஒன்று, கூர் உளி ஒன்று, கைலென்ஸ், அளவு நாடா, பென்சில் இருந்தால் வேலை நடக்கும். அம்மோனைட்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளி உளியை வையுங்கள். மிக அருகில் வைத்தால் விரிசல் நேராகச் சுருளின் ஊடே போகும், ஏனென்றால் பாறையில் பலவீனமான தளம் அந்த ஓடுதான். உடைந்தால் கலங்க வேண்டாம். துண்டுகளைச் சேர்த்து ஒரே பையில் போடுங்கள், பசையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். களத்தில் அவசரமாக ஒட்டினால் மண்துகள் இடையில் சிக்கி, துண்டுகள் இனி ஒருபோதும் பொருந்தாது.

எடுப்பதற்கு முன்பே மேல்புறம் எது என்று அம்புக்குறி போடுங்கள். சீட்டில் எழுத வேண்டியது இவ்வளவு: முகப்பின் பெயர், அடுக்கு எண், அந்த அடுக்கின் அடியிலிருந்து எத்தனை செ.மீ., பதிந்த இடத்திலேயே எடுத்ததா அல்லது உதிர்ந்து கிடந்ததா, தேதி. அதே அடுக்கு எண்ணைக் கல்லின் மீதும் எழுதுங்கள். சீட்டும் கல்லும் பிரிந்துபோவது எல்லாச் சேகரிப்பிலும் நடப்பதுதான்.

குவாரி, கடற்குன்று எதுவானாலும் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். தொங்கும் முகப்பின் அடியில் நிற்காதீர்கள்.

அடியில் உதிர்ந்து கிடந்ததை வைத்துக் கணிக்கலாமா?

எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று உறுதிப்படுத்தினால் ஓரளவுக்கு. ஒட்டியிருக்கும் பாறையை முகப்பில் உள்ள அடுக்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தாலும் "உதிரி" என்ற சொல் பதிவேட்டிலிருந்து நீங்கக்கூடாது. மண்டல எல்லையை உதிரியை வைத்து வரையவே கூடாது.

சுத்தம் செய்ய வினிகர் அல்லது அமிலம் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அம்மோனைட் பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாக மாறியிருக்கும். சுற்றியுள்ள பாறையும் கால்சைட்டு. அமிலம் இரண்டையும் ஒரே வேகத்தில் தின்னும், முதலில் போவது நமக்குத் தேவையான நுண்வரிகள். புதைபடிவம் சிலிக்காவாக மாறியிருந்தால் மட்டும் நீர்த்த அமிலம் பாறையைக் கரைத்து அதை விடுவிக்கும். முதலில் புதைபடிவத்தின் ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் நிறுத்திவிடுங்கள்.

காற்றழுத்தப் பேனாவும் (காற்றழுத்தத்தால் அதிரும் ஊசிமுனைக் கருவி) பொறுமையும்தான் வழக்கமான வழி. ஓட்டிலிருந்து 1 மி.மீ. வரை பேனாவால் நெருங்கி, மீதியை மென்பொடி வீசும் கருவியால் எடுப்பார்கள். தூசிமூடி கட்டாயம். விரிசல் விட்ட மாதிரியை முதலில் அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசின் கொண்டு இறுக்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு வேண்டாமென்றால் அசிட்டோனே அதைக் கரைத்துவிடும்.

பைரைட்டாக (இரும்பு-கந்தகக் கனிமமாக) மாறிய பளபளப்பான சிறு அம்மோனைட்டுகளுக்கு வேறு நோய் உண்டு. ஈரக்காற்றில் பைரைட் சிதைந்து, வெண்பொடி பூத்து, சீட்டையும் சேர்த்து எரித்துவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்படி மூடிய பெட்டியில் வையுங்கள்.

இனத்தை எப்படி உறுதி செய்வது?

முதலில் நான்கு அளவுகள்: மொத்த விட்டம், சுருளின் நடுவில் உள்ள தொப்புள் குழியின் விட்டம், கடைசிச் சுருளின் உயரம், அதன் அகலம். தனி அளவுகளைவிட விகிதங்கள் பேசும். விட்டம் 80 மி.மீ., தொப்புள் 34 மி.மீ. என்றால் விகிதம் 42.5 சதவீதம், அதாவது உட்சுருள்கள் நன்றாக வெளியே தெரியும் திறந்த சுருள். எந்த விட்டத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அம்மோனைட் வளர வளர விகிதம் மாறும். 20 மி.மீ.இல் ஒரு முகம், 100 மி.மீ.இல் வேறு முகம்.

அடுத்து விலா வரிகள்: ஒரு சுற்றுக்கு எத்தனை, நேரா வளைவா, எந்த உயரத்தில் கிளைக்கின்றன, வெளிவிளிம்பைக் கடக்கின்றனவா, அங்கேயே நிற்கின்றனவா. பிறகு வெளிவிளிம்பு: உருண்டையா, தட்டையா, நடுவில் கட்டு (நீளவாக்கில் ஓடும் புடைப்பு) ஓடுகிறதா, கட்டின் இருபுறமும் பள்ளம் உண்டா. கடைசியாகக் குமிழ்களும் முட்களும்.

ஹில்டோசெராஸ் பைஃப்ரான்ஸ் இனத்தை எடுத்துக்கொள்வோம். திறந்த சுருள். பக்கவாட்டின் நடுவே சுருளோடு சேர்ந்து ஓடும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு வெளியே விலா வரிகள் அரிவாள் போல வளைந்து தெளிவாகத் தெரியும், உள்ளே ஏறக்குறைய வழுவழுப்பு. வெளிவிளிம்பில் மூன்று கட்டுகள், இடையில் இரண்டு பள்ளங்கள். இவ்வளவும் ஒன்றாகத் தெரிந்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. பக்கவாட்டுப் பள்ளம் மட்டும் தெளிவில்லை என்றால் பெயரை இறுக்கிப் போடாமல் பேரினத்தோடு நிறுத்துங்கள். தவறான இனப் பெயரைவிட "ஹில்டோசெராஸ், இனம் உறுதியில்லை" என்ற குறிப்பு எத்தனையோ மேல்.

ஒரே மாதிரி தோற்றமுள்ளவை வேறு காலத்தவையாக இருக்குமா?

இருக்கும். இந்த முறையின் பெரிய பொறி இதுதான். மெலிந்த தட்டு வடிவம், கூரிய வெளிவிளிம்பு, மூடிய தொப்புள் என்ற அமைப்பு, தொடர்பில்லாத பல கிளைகளில் பல காலங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. படப் புத்தகத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உட்சுருள்கள், தையல்கோடு, கூடவே கிடைத்த மற்ற இனங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் தற்காப்பு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் வேறு வேறு பெயர்களில் வாழ்ந்திருக்கின்றன. பெரிய வடிவம் ஒன்று, வாய் ஓரத்தில் காது போன்ற நீட்சியுள்ள சிறிய வடிவம் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் மகோவ்ஸ்கி, காலமன் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகுதான் இது பரவலாக ஏற்கப்பட்டது. பழைய பட்டியல்களில் இனங்களின் எண்ணிக்கை ஊதிப் பெருத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்டலத்துக்குப் பெயர் கொடுத்த இனம் கிடைக்காவிட்டால் அந்த மண்டலம் இல்லை என்று ஆகுமா?

ஆகாது. பெயர் ஒரு முகவரிப் பலகை மட்டுமே. பைஃப்ரான்ஸ் மண்டலத்தின் எல்லா அடுக்குகளிலும் ஹில்டோசெராஸ் பைஃப்ரான்ஸ் இருக்காது. மண்டலத்தை அதன் அடி எல்லையால் வரையறுத்து, அதில் சேர்ந்து வரும் இனக்கூட்டத்தால் இனங்காண்கிறோம். டாக்டிலியோசெராஸ் கம்யூன் என்ற, நெருங்கிய விலா வரிகள் வெளிவிளிம்பைக் கடந்து செல்லும் இனம் நல்ல எண்ணிக்கையில் இருந்தால் அதே பைஃப்ரான்ஸ் மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் நிற்கிறோம் என்று சொல்லலாம்.

அதனால்தான் ஓர் அடுக்கிலிருந்து ஒரே ஒரு அழகான மாதிரியைவிட, சுமாரான ஏழெட்டு மாதிரிகள் மேல். இரண்டு இனங்களின் காலநீட்சி ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி, தனித்தனி நீட்சியைவிடக் குறுகலாக இருக்கும்.

ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

எரிமலைச் சாம்பலிலிருந்து. அம்மோனைட் உள்ள அடுக்குகளுக்கு இடையில் மெல்லிய சாம்பல் படிவு இருந்தால், அதிலுள்ள ஜிர்கான் படிகங்களை யுரேனியம்-ஈய முறையிலும், சானிடின் படிகங்களை ஆர்கான் முறையிலும் அளக்கிறார்கள்.

ஜுராசிக் தொடக்கமே நல்ல எடுத்துக்காட்டு. அதன் உலக எல்லைக்கோடு ஆஸ்திரியாவின் கூயோக் முகப்பில், சைலோசெராஸ் ஸ்பேலே என்ற அம்மோனைட்டின் முதல் வருகையில் 2010இல் நிலைநிறுத்தப்பட்டது. அதன் வயது 20.14 கோடி ஆண்டு என்கிறோம். இந்த எண்ணுக்கான முக்கிய அளவீடுகள் பெரு நாட்டின் புக்காரா படுகையில், அதே காலத்து அம்மோனைட்டுகளுக்கு நடுவே கிடந்த சாம்பல் அடுக்குகளில் எடுத்தவை. எண்ணைக் கடல் கடந்து கொண்டுவந்து சேர்ப்பது அம்மோனைட்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பியூப்ளோவில் நிலை எளிது. கிரெட்டேசியஸின் ஒரு பிரிவான டுரோனியன் கட்டத்தின் அடி எல்லை வாட்டினோசெராஸ் டெவோனென்ஸ் இனத்தின் முதல் வருகையில் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு அடுக்குகளுக்கு இடையிலேயே சாம்பல் மாறிய பெண்டோனைட் களிமண் படிவுகளும் உள்ளன. அதனால் 9.39 கோடி ஆண்டு என்ற எண்ணுக்குப் பிடிமானம் அதிகம்.

கரிம-14 முறையில் நேரடியாக அளந்துவிட்டால் என்ன?

அந்த முறை சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடும். சுண்ணாம்புக் கல்லின் கால்சைட்டை யுரேனியம்-ஈய முறையில் அளக்க முடியும், ஆனால் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கால்சைட் படிகமான காலம். கடலடியில் படிந்த காலம் அதைவிட மிகப் பழையதாக இருக்கலாம்.

பழைய அம்மோனைட் புதிய பாறையில் கலந்திருக்குமா?

கலந்திருக்கும். கடலடி அரிக்கப்பட்டு, ஏற்கெனவே கெட்டியான உள்வார்ப்புகள் வெளிப்பட்டு, பிந்தைய படிவில் மீண்டும் புதைவது அபூர்வமல்ல. இப்படிப் பாருங்கள்: வார்ப்புக்குள் இருக்கும் பாறையும் வெளியே சூழ்ந்த பாறையும் வேறு நிறமா? வார்ப்பின் மீதே புழுக்கள் துளைத்த தடமோ, ஒட்டிய சிப்பியோ உண்டா? உடைந்த முனை மழுங்கியிருக்கிறதா? ஒன்றிருந்தாலும் ஐயப்படுங்கள். கலந்து கிடக்கும் அடுக்கின் வயதை அதிலுள்ள மிக இளைய இனம்தான் தீர்மானிக்கும்.

சுருங்கிய அடுக்கு என்பது இதன் உறவுக்காரச் சிக்கல். படிவு மிக மெதுவாக நடந்த இடங்களில் பல மண்டலங்கள் ஒரு கை உயரத்துக்குள் அடங்கிவிடும். தென் இங்கிலாந்தின் ஷெர்போர்ன் வட்டாரப் பாறைகளை 1893இல் ஆராய்ந்த பக்மன், மெல்லிய படிவுகளுக்குள் இருந்த காலப்பிரிவுகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். அங்கே 10 செ.மீ. தவறு என்பது ஒரு மண்டலமே தவறுவது. செந்நிற முடிச்சுச் சுண்ணாம்புக்கல்லில் இன்னொரு அடையாளம் தெரியும்: அம்மோனைட்டின் கீழ்ப்பக்கம் நன்றாக இருக்கும், மேல்பக்கம் கரைந்து போயிருக்கும். நீண்ட காலம் மூடப்படாமல் கிடந்ததன் சாட்சி அது.

அடுக்குகள் தலைகீழாகப் புரண்டிருந்தால்?

மலை மடிப்புகளில் நடப்பதுதான். இங்கே அம்மோனைட்டே ரசமட்டம் போல உதவும். அதைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் சில அறைகளின் அடிப்பாதியில் சேறு படிந்து கல்லாகியிருக்கும், மேல்பாதியில் வெண்மையான கால்சைட் படிகம் நிரம்பியிருக்கும். இரண்டும் சந்திக்கும் தட்டையான கோடு அன்றைய கிடைமட்டம், படிகம் இருக்கும் பக்கம் அன்றைய மேல்பக்கம். மேல்புற அம்புக்குறியை எடுப்பதற்கு முன் போட்டிருந்தால்தான் இது பயன்படும்.

எங்கள் சுண்ணாம்புப் பாறையில் அம்மோனைட்டே இல்லை. இனி என்ன?

பவளத்திட்டு, கழிமுகத் தேக்கம், ஆழமற்ற கரையோரம் போன்ற இடங்களில் படிந்த சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட் குறைவாகவே இருக்கும். ஆழ்கடல் பக்கம் போனால் வேறு காரணம்: எளிதில் கரையும் அரகொனைட் என்ற கனிமத்தால் ஆன ஓடு கரைந்துபோய், கால்சைட்டால் ஆன தாடைமூடித் தகடுகள் மட்டும் எஞ்சும். அப்போது ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள ஒருசெல் உயிரிகள்), நுண்சுண்ணாம்புப் பாசி, டிரையாசிக் வரை கோனோடான்ட் (பல் போன்ற நுண்படிவங்கள்) ஆகியவற்றை நாட வேண்டும். கணவாயின் உறவினரான பெலம்னைட்டின் மாறாத கால்சைட் கிடைத்தால் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதத்தையும் ஒப்பிடலாம்.

அம்மோனைட் இருந்தும் உதவாத இடங்களும் உண்டு. ஜுராசிக் முடிவில் வடக்குக் கடல்களின் இனங்களும் தெற்கே தெதிஸ் என்ற பண்டைய கடலின் இனங்களும் பிரிந்துபோய்விட்டதால், இரண்டு பகுதி மண்டலங்களையும் பொருத்துவது பெரும் சிக்கல். ஜுராசிக்-கிரெட்டேசியஸ் எல்லைக்கு கால்பியோனெல்லா என்ற நுண்ணுயிரிப் படிவத்தை நாடியது இதனால்தான். உங்கள் பகுதிக்கு எந்த மண்டல அட்டவணை பொருந்தும் என்று பார்க்காமல் ஐரோப்பிய அட்டவணையை அப்படியே எடுத்து வைக்காதீர்கள்.

கடையில் வாங்கிய அம்மோனைட்டின் வயதை அறிய முடியுமா?

பேரினம் தெரிந்தால் கட்டம் வரை சொல்லலாம். அதற்கு முன் விலா வரிகளைக் கைலென்ஸால் பாருங்கள். செதுக்கிய வரியில் கருவிக் கீறல் தெரியும், நடுச்சுருளில் எட்டாத இடத்தில் வரி திடீரென்று நின்றுவிடும். இரண்டு மாதிரிகளின் துண்டுகளைப் பசையும் கற்பொடியும் வைத்து ஒன்றாக்கியதும் சந்தையில் உண்டு. அப்படிப்பட்டதில் உட்சுருளின் வரி எண்ணிக்கையும் வெளிச்சுருளின் வரி எண்ணிக்கையும் ஒத்துப்போகாது.